உப்புத்தாள் சாரும் ஒட்டாத இறக்கையும்

உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக, பிறந்ததிலிருந்து கோபமாக இருக்கும் மனிதர் எங்கள் உப்புத்தாள் சார். விழுப்புரம் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. சட்டைப்பையில் பேனா இருக்காது. மடித்த உப்புத்தாள் இருக்கும். மழையில் இறுகிப்போன அதிகாரியின் அறைக்கதவை ஆத்திரத்தில் தேய்த்தார் பாருங்கள், இப்போது அது மின்விசிறிக் காற்றுக்கே திறந்துகொள்கிறது. மதியத்தில் அதிகாரி தூங்குவது அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இவரிடம் நான் சிக்கியது என் மாமனாரால். விமானப்படையில் ஜெட் விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்று, திண்டிவனத்தில் இருக்கிறார். பல்பு மாற்றச் சொன்னால் வீட்டையே இருட்டாக்கும் மருமகனை அவர் மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு என் கையால் ஒரு ஜெட் விமானம் செய்து கொடுத்து அவர் வாயை அடைப்பது என்று சபதம் எடுத்து, பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை ஆன்லைனில் அலுவலகத்துக்கே வரவழைத்தேன். பெட்டிமேல் இருந்த படத்தில் விமானம் மேகத்தைக் கிழித்தது. உள்ளே உடைந்த சீப்பு மாதிரி ஏதோ கிடந்தது.

"பசைய தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!" என்றார் உப்புத்தாள் சார். "மொதல்ல ஒட்டாம சேத்துப் பாக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஜாதகம் பாக்கல?"

"பாத்தாங்க சார். பத்துப் பொருத்தமும் இருந்துச்சு."

"அப்பவும் மாமனார் மதிக்கலல்ல? அதான் ரெண்டு தபா பாக்கணும்ன்றேன்."

பார்த்தோம். உடம்பின் இரண்டு பாதிகளும் கச்சிதமாகச் சேர்ந்தன. இறக்கைகள் செருகியதும் நின்றன. ஆயுத பூஜை முடிந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பூஜை முடிந்து அலுவலகத்தில் திறந்தால், எதுவும் எதோடும் சேரவில்லை. உடம்பு வாயைப் பிளந்தது. இறக்கை தோளில் உட்காராமல் முறைத்துக்கொண்டு நின்றது.

"லீவுல இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த? மேல ஏறி உக்காந்தியா?"

"தொடவே இல்ல சார்."

"அப்ப கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்! பேஜாரு புடிச்ச அச்சு! கேஸ் போடணும்யா இவன் மேல!"

கம்பெனியைத் திட்டினார், விழுப்புரத்து வெயிலைத் திட்டினார், திட்டத் திட்ட இறக்கையின் அடியைத் தேய்த்தார். இறக்கை இளைத்ததே தவிர உட்காரவில்லை. பொழுது போகாமல், இறக்கையைச் செருகும் துளைக்குள் நான் ஒரு ஊசியை விட்டேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, எல்லா ஓட்டைக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன்," என்றாள் மனைவி. "எங்கப்பாவுக்குக் குடுக்கற பிளேனாச்சே, சும்மா விட்ற முடியுமா?"

கல்லாகக் காய்ந்திருந்த பக்தியைச் சுரண்டி எடுத்தோம். உடம்பு மூடிக்கொண்டது. ஆனால், தேய்ந்துபோன இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே இப்போது ஒரு சந்து. பட்டி பூசலாமே என்றேன்.

"பட்டி செவுத்துக்குய்யா! இது ஏரோப்ளேன்!"

பாகங்கள் கோத்து வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே மெல்லிய சீவல்கள் சீவி, சந்தில் வைத்து ஒட்டி, காயவிட்டுத் தேய்த்து, சந்து இருந்த இடமே தெரியாமல் செய்தார். எனக்குக் கொடுத்த ஒரே வேலை, காயும்வரை இறக்கையைப் பிடித்துக்கொள்வது.

திண்டிவனம் மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறக்கை மூட்டில் விரலை ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை.

"யாரு வேல மாப்ள இது?"

நான் வாயைத் திறப்பதற்குள், என்னோடு விசேஷத்துக்கு வந்திருந்த உப்புத்தாள் சார் பின்னாலிருந்து, "அவருதான் சார். நான் சும்மா கூட உக்காந்துக்கினு இருந்தேன்," என்றார்.

மாமனார் விமானத்தைத் திருப்பினார். இறக்கைக்கு அடியில், பசை ஈரத்தில் பதிந்து உறைந்த ஒரு கட்டைவிரல் ரேகை. என்னுடையதுதான். அழுத்திப் பிடி என்றார் உப்புத்தாள் சார், அழுத்திவிட்டேன். மாமனார் முகம் சிவந்தது.

"எந்த முட்டாப்பய கைய வெச்சான் இதுல?"

"நான்தான் சார்," என்றார் உப்புத்தாள் சார். "அந்த எடம் மட்டும்தான் நான் தொட்டேன்."

பந்தி முடியும்வரை மாமனார் அவரை நிற்கவைக்காத குறையாகத் திட்டித் தீர்த்தார். டிபன் பாக்ஸ் மூடி பொருந்தாவிட்டாலே ஊரைக் கூட்டுகிற மனிதர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.