வேலப்பன் போட்ட மெயில் பூட்டு

ஒரு காட்டில், சிக்னல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும் மேட்டின் மேல், வேலப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தது. காட்டின் மெயில் சர்வர் அதன் பொறுப்பு. ஊர் ஊராகப் பறக்கும் நாரைகள் போன இடத்திலிருந்தே வீட்டுச் செய்தி படிக்க வேண்டும் என்றுதான் அதை வைத்திருந்தார்கள்.

நாகலிங்கம் என்ற நரியோ எல்லோருடைய மெயிலையும் படித்துவந்தது. படிப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வழியில் பார்ப்பவர்களிடம், "சம்பந்தம் கூடி வரலையாமே?" என்று துக்கம் வேறு விசாரித்தது.

வேலப்பனுக்கு மானம் போயிற்று. சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து ஒரு பூட்டுப் போட்டது. யாராவது புது இடத்திலிருந்து திறந்தால் சர்வர் சந்தேகப்படும். சந்தேகப்பட்டால் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபியை அவர்களுடைய மெயிலுக்கே அனுப்பும்.

"இனிமேல் ஈ எறும்புகூட உள்ளே போக முடியாது" என்று வேலப்பன் சிங்கத்திடம் சொன்னது. பக்கத்திலிருந்த எறும்புகளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஒரு வாரத்தில், பூவழகி என்ற நாரை வழியிலிருந்து போன் செய்தது.

"அண்ணே, குஞ்சுகளோட திரும்பிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் அவசரம்னு மெயில் போட்டிருக்கார். திறக்கவே மாட்டேங்குது. அவர் போனும் எடுக்கல. நீங்களாவது பார்த்துச் சொல்லுங்களேன்."

"என்னாலயே திறக்க முடியாதபடி பூட்டியிருக்கேன்மா!" என்று வேலப்பன் பெருமையோடு ஆரம்பித்தது. முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. பின்னால் குஞ்சுகள் பசியில் கத்துவது போனில் கேட்டது. வேலப்பனின் முள்ளெல்லாம் படுத்துக்கொண்டன.

அப்போது பக்கத்துப் புதரிலிருந்து நாகலிங்கம் தலையை நீட்டியது.

"தங்கச்சி, ஏரி வத்திப்போச்சாம். இங்க வராதே, மேற்கே அணைக்குப் போன்னு எழுதியிருக்கார். அங்கதான் கூடு கட்டப் போயிருக்காராம். அப்புறம் கண்ணே மணியேன்னு நாலு வரி இருக்கு. அதைப் படிக்கட்டுமா?"

"வேண்டாம்ணே!" என்று பூவழகி போனை வைத்துவிட்டு மேற்கே திரும்பியது. குஞ்சுகள் எல்லாம் பிழைத்தன.

"நீ எப்படிடா உள்ளே போனே?" என்றது வேலப்பன்.

"நான் தினமும் இதே புதர்லேருந்து திறக்கிறேன். நாரைங்க இன்னைக்கு இருக்கிற இடத்துல நாளைக்கு இல்ல. உன் சர்வர் யாரை நம்பும்? நீயே சொல்லு."

அதற்குப் பிறகு, வெளியூர் போன பறவைகள் எல்லாம் சாயங்காலமானால் நரிக்குத்தான் போன் செய்தன. சர்வரில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சிங்கம் உத்தரவு போட்டு, வேலப்பனுக்குப் பாதுகாப்பு விருதும் கொடுத்தது.

அடுத்த மாதம் வேலப்பன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் யாருமில்லாத இடமாகப் பார்த்துப் போய், போனை எடுத்துத் தாழ்ந்த குரலில் கேட்டது:

"நாகலிங்கண்ணே, எனக்கு ஏதாவது வந்திருக்கா?"

நீதி: வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டினால் மட்டும் போதாது, நாணயமான ஒரு திருடனிடம் சொல்லிவிட்டும் போக வேண்டும்.