நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது

நாடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட ஒரு பாடகி, லிஃப்ட்காரரின் மனைவிக்காக மட்டும், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியபடி நாற்பது நிமிடம் பாடினார். முப்பத்தோரு வருடமாக லிஃப்ட்காரர் இதைச் சொல்லிவந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு, அடுப்பை அணைக்காமல் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, முகத்துக்கு நேராக "நான் நம்ப மாட்டேன்" என்று சொன்னவர் ஒருவர்தான். மனைவியின் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டிலேயே சிவப்புப் பேனாவால் இரண்டு காற்புள்ளி போட்டுவிட்டுத்தான் மருந்துக் கடைக்குப் போவார்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் பாட்டுப் பதிவு செய்கிற கூடம். லிஃப்டைப் பராமரித்தவர் நம்மவர். மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினாள். கூடவே பாடகியும் ஏறினார். நடுவழியில் லிஃப்ட் நின்றது. அடைத்த இடம் என்றாலே மனைவிக்கு மூச்சு முட்டும். அவள் நடுங்குவதைப் பார்த்த பாடகி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஸ்பேனரும் கையுமாக நின்ற லிஃப்ட்காரருக்கு, குழாயில் தண்ணீர் ஏறுவதுபோல் அந்தப் பாட்டு ஏறி வந்தது.

முதல் தடவை சொன்னபோது பாட்டு பத்து நிமிடம்தான். வருடத்துக்கு ஒரு நிமிடம் வளர்ந்தது. ஆறாம் வருடம், பாட்டைக் கேட்க மொட்டைமாடிப் புறாக்கள் வந்து சேர்ந்தன. பதினைந்தாம் வருடம் அவற்றில் இரண்டு அழுதன.

"புறா அழுமா அத்தான்?" என்பார் மைத்துனர்.

சாட்சி சொல்லவேண்டிய மனைவியோ துணியை மடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருப்பாள். "அவன் நம்பலை போலிருக்கு. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான். ஒரே ஒரு 'ஆமா' போட்டிருந்தால் தம்பி வாய் அடைத்துப்போயிருக்கும். அந்த ஆமா முப்பத்தோரு வருடத்தில் வரவே இல்லை. அவளுக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லையோ என்று லிஃப்ட்காரருக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. ஆனால் கேட்டதில்லை.

பாடகி எப்போதோ காலமாகிவிட்டார். போன மழைக்காலத்தில் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். இனி யாரைக் கேட்பது?

வீட்டில் சத்தமே இல்லை. லிஃப்ட்காரர் ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், அடுத்த தம்ளரைக் கழுவக் கை நீளும், அது இருக்காது. அப்படி ஒரு நாள் கை அந்தரத்தில் நின்றபோதுதான் நாவல் எழுதுவது என்று தீர்மானித்தார். அச்சில் வந்துவிட்டால் அவள் அந்த லிஃப்டில் இருந்தாள் என்பது நிலைத்துவிடும். மைத்துனரும் அச்சுக்கு மட்டும்தான் பயப்படுகிறவர்.

மிச்சமிருந்த லிஃப்ட் புகார்ப் பதிவேடுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். பதிப்பகத்து அம்மாள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபலமான பாடகி வருகிற நாவல் என்றால் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார். ஆனால் அது யார் என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது, குடும்பத்தார் சும்மா விடமாட்டார்கள், ஆளை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். நிஜமானவர் யாரும் தெரியக் கூடாது, உங்கள் மனைவி உட்பட என்றார்.

லிஃப்ட்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பாடகிக்கு மீசை வைத்து, தொப்பை வைத்து, ஆணாக்கிவிட்டார். மனைவியை 'மூலையில் நின்ற பெண்' ஆக்கினார்.

பிழை திருத்தக் கொடுத்த பிரதியைப் படித்த மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க அக்காவை மீசைக்காரன்கூட நாற்பது நிமிஷம் பூட்டி வெச்சிருக்கீங்க. இதை நான் அடிக்கவா, நீங்களே அடிச்சிடுறீங்களா?"

நியாயம்தான் என்று பாடகரின் மனைவியையும் லிஃப்டில் ஏற்றினார். ஏறியதும் அந்த அம்மாள் புருஷனோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தாள். மனுஷர் பாட வாயைத் திறக்க முடியவில்லை. சமாதானம் செய்ய ஒரு பல் டாக்டரை ஏற்ற வேண்டியதாயிற்று. பல் டாக்டர் பேச்சை நிறுத்துவதாக இல்லை. கதை தூங்குகிறது என்று பதிப்பகத்து அம்மாள் ஒரு திருடன் வேண்டும் என்றார். திருடனும் ஏறினான்.

அன்றைக்கு லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த லிஃப்டின் பித்தளைத் தகட்டில் தெளிவாக எழுதியிருக்கும்: நான்கு பேர், இருநூற்று எழுபத்திரண்டு கிலோ. இப்போது உள்ளே ஐந்து பேர். அதிலும் அந்தப் பாடகரின் தொப்பை அவரே வைத்தது. நாற்பது வருட வேலையில் ஒரு கிலோ அதிகம் ஏற விட்டவர் அல்ல அவர்.

"காகிதத்துல ஓடுற லிஃப்ட்தானே. யார் எடை போடப் போறாங்க?" என்றார் பதிப்பகத்து அம்மாள்.

"நான் போடுவேன்" என்றார் லிஃப்ட்காரர்.

ஒருவரை இறக்கியாக வேண்டும். பாடகரை இறக்கினால் நாவலே இல்லை. சண்டைக்காரிக்கும் பல் டாக்டருக்கும் பக்கம் பக்கமாக வசனம். திருடன் கையில் கத்தி. மெக்கானிக் மூளை, வேலை செய்யாத பாகத்தைத் தேடியது. ஒரு வார்த்தை பேசாமல், நடுங்கிக்கொண்டு, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த ஒருத்தி அகப்பட்டாள். ஸ்கேலை வைத்து, பத்தொன்பது பக்கங்களில் மூலையில் நின்ற பெண்ணை நேர்கோடாக அடித்தார். லிஃப்ட் லேசாயிற்று. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

சுத்தப் பிரதி தயாரானதும் மைத்துனரைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, தானே வாய்விட்டுப் படித்தார். தொண்ணூறாம் பக்கத்தில் லிஃப்ட் நின்றது. அவர் குரல் தழைந்தது. இப்போது அவள் நடுங்குவாள்.

யாரும் நடுங்கவில்லை. மீசைக்காரர் திருடனுக்காகப் பாடினார்.

லிஃப்ட்காரர் பக்கத்தைத் திருப்பினார். திரும்ப முன்னால் வந்தார். பழுதான ஒயரைத் தேடுகிறவர்போல் வரிவரியாக விரல் வைத்துப் போனார். தொண்ணூற்றைந்து. நூற்றிரண்டு. விரல் எங்கும் நிற்கவில்லை.

"நானே இறக்கி விட்டுட்டேன்" என்றார்.

மைத்துனர் முன்னாலிருந்த இன்னொரு பிரதியில் சிவப்பு மை ஓர் இடத்திலும் படவில்லை.

லிஃப்ட்காரர் தாள்களை மெதுவாக அடுக்கினார். ஓரம் சேரவில்லை, மறுபடி தட்டி அடுக்கினார்.

"விடு மாப்ளே. நீ சொன்னதுதான் சரி. அப்படி ஒண்ணும் நடக்கலை. அவளே ஒரு நாளும் ஆமான்னு சொல்லலையே. லிஃப்ட் நின்னிருக்கும், யாரோ ரேடியோ போட்டிருப்பாங்க. மிச்சமெல்லாம் நான் கட்டிவிட்டது."

முப்பத்தோரு வருடம் வாதாடி ஜெயித்தவருக்கு முகத்தில் ஒரு மலர்ச்சி வரவேண்டுமே. மைத்துனர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அக்கா எப்போதும் துணி மடித்த மூலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நடந்ததுதான் அத்தான். அன்னிக்குச் சாயங்காலமே அக்கா என்கிட்ட வந்து எல்லாத்தையும் சொன்னா. சொல்லிட்டு, 'நீ மட்டும் நம்பிடாதேடா, நம்பிட்டா அவர் அதைச் சொல்றதை நிறுத்திடுவாரு'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."