ரெனே என்றால் என்னங்க?

பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை. அதைப் பதிவது அலுவலகத்தின் கருணை. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த மதனுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஊரில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று அவன் மனைவி ஷாலினி போனில் தேடித் தேடி, 'ரெனே' என்ற பிரெஞ்சுப் பெயரைப் பிடித்திருந்தாள். அதற்குள் மகளுக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமையோடு பள்ளிச் சேர்க்கை முடிகிறது. சான்றிதழில் பெயர் ஏறினால்தான் இடம். மூவரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள்.

"பேருக்கு அர்த்தம் என்னங்க?" என்றார் எழுத்தர் அறிவுச்செல்வி.

"மறுபடியும் பிறந்தவள்னு அர்த்தமுங்க" என்றாள் ஷாலினி பெருமையாக.

பேனா நின்றது.

"அப்ப இது ரெண்டாவது பிறப்பு. முதல் பிறப்புச் சான்றிதழும், நடுவுல வாங்குன இறப்புச் சான்றிதழும் எங்கீங்க?"

"இதுதானுங்க முதல் பிறப்பு. பிரான்சுல எல்லாரும் வெக்கிறாங்க மேடம்."

"அங்க எத்தனை தடவை வேணா பொறக்கட்டும். இந்தப் பேரூராட்சியில ஒரு தடவைதானுங்க அனுமதி."

விவகாரம் செயல் அலுவலர் மாதேஸ்வரனிடம் போனது. அவர் தம் போனில் நெடுநேரம் ஆராய்ந்தார்.

"ஆம்பளைக்கும் வெக்கிறாங்க, பொம்பளைக்கும் வெக்கிறாங்க. சில பேருக்குக் குடும்பப் பேரே இதுதான். போன பிறவியில பாப்பா யாரு? வாக்காளர் பட்டியல்ல அந்தப் பேரு இன்னும் இருந்தா நீக்கணுமே."

பாப்பா மேசைக்கடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மதன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், அர்த்தத்தை நாங்க வாபஸ் வாங்கிக்கறோமுங்க."

மாதேஸ்வரன் முகம் மலர்ந்தது. "அதை எழுத்துல குடுங்க."

'மேற்படி பெயருக்கு எக்காலத்திலும் யாதொரு பொருளும் இல்லை' என்று தம்பதியர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். முத்திரை விழுந்தது. பள்ளியில் இடமும் கிடைத்தது.

வரிசையில் நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. பொருளே இல்லாத பெயர் தடையில்லாமல் பதிவாகிறது என்ற செய்தி பரவியது. ஆண்டு திரும்புவதற்குள் தெருவுக்குத் தெரு ரெனே. ரெனே பேக்கரி வந்தது. ரெனே போர்வெல்ஸ் ரிக் வண்டி வந்தது. தேரோட்டத்தில் ஷாலினி மகளைக் கூப்பிட்டபோது நாலு பெண்களும் இரண்டு பையன்களும் ஒரு நாய்க்குட்டியும் திரும்பிப் பார்த்தன.

இரண்டாவது மகள் பிறந்தாள். இம்முறை ஷாலினி அசரவில்லை. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயரைக் கண்டுபிடித்து, அலுவலக வரிசையில் நின்று உரக்கச் சொன்னாள்:

"அங்காளம்மாள்."

பின்னால், நெற்றியில் அங்காளம்மன் கோயில் குங்குமத்தோடு, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்ற பெண் அவசரமாகப் போனை எடுத்தாள்.

"ஏனுங்க, பேரு புதுசா இருக்குதே, எந்த நாட்டுதுங்க? கொஞ்சம் ஸ்பெல்லிங் சொல்லுங்க."