மேல் வலது மூலை

எங்கள் மணிலாவில் ஓர் இனம் உண்டு. சோப்பு உறை, மத்தி மீன் டப்பா, இருமல் மருந்துப் பெட்டி என்று எதையெதையோ வரைந்து வயிறு வளர்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டியதும் ஒருநாள் தாடியோடு வெளியே வந்து, "இனிமே நான் மனுஷங்களை மட்டும்தான் வரைவேன்" என்று அறிவிக்கும் இனம். தாடி முதலில் வரும். ஓவியம் சௌகரியப்படி பின்னால் வரும்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தியோதுலோ. பழைய தொழிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுவா? என் இருண்ட காலம்" என்பார். அந்த இருண்ட காலத்தில் கட்டிய வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறார்.

மனதை மாற்றிக்கொள்ளலாம், கையை? அவர் வரைந்த பட்டினிக்காரனுக்குக்கூடப் பற்கள் பளிச்சென்று மின்னும். வெள்ளத்தில் கணவனைப் பறிகொடுத்தவளை ஆளுயரத்துக்கு வரைந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த அம்மாள், கைவிளக்கை இருமல் மருந்துபோலக் கன்னத்தோரம் தூக்கிக் காட்டினாள். மேல் வலது மூலை சுத்தமாகக் காலி. அத்தனை வருடமும் கம்பெனிப் பெயருக்கு விட்ட இடம். கை தானாகவே விட்டுவிட்டது.

அருங்காட்சியகத் தலைவி பார்க்க வந்தது அந்தப் படத்தைத்தான். அவர் வாங்கினால் தியோதுலோ ஓவியர். இல்லையென்றால் மறுபடியும் மீன் டப்பா. மனிதர் தாடியை நீவிக்கொண்டே வாசலுக்கும் படத்துக்குமாக நடந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மனைவி லுனிங்னிங் தைரியம் சொன்னாள். "ஏங்க இப்படி வேர்க்குது? வாங்கலைன்னா போகட்டும். மூலையில பேரை எழுதி மருந்துக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்."

தலைவி வெகுநேரம் பார்த்தார். "இந்தக் காலி இடம்... கடவுளோட மௌனம்தானே, மாஸ்ட்ரோ?"

தியோதுலோ கண்களை மூடிக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் மேடம் கண்டுபிடிச்சீங்க."

கூடியிருந்த அதே இனத்து ஓவியர்களுக்கு உண்மை தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் பலமாகத் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டுப் படங்களிலும் அதே மூலை காலியாகத்தான் இருந்தது.

படம் விலைபோயிற்று. அடுத்த மாதம் ஊர் முழுக்க அதன் சுவரொட்டி. மேல் வலது மூலையில் அருங்காட்சியகத்தின் பெயர், அளவெடுத்துத் தைத்ததுபோல் அச்சாகப் பொருந்தியிருந்தது. கிழித்தெறிவார் என்று நினைத்து நான் கூடவே போனேன். தியோதுலோ தலையைச் சாய்த்து நின்று பார்த்தார்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் தடியா இருந்திருக்கலாம்" என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. கடைசியாக ஒரு துக்க வீட்டில் எடுத்த குடும்பப் படத்தைக் கொஞ்சம் தேடி எடுங்கள். அந்த அழுகையிலும் கேமராவுக்குக் காட்ட உங்களுக்கு எடுப்பான கன்னம் எதுவென்று ஞாபகம் இருந்திருக்கிறதே!