அறுபது அடி கார் பார்க்கிங்

சொந்த ஊரை விட்டு நகரத்துக்குப் போனவன் இரண்டு இடத்தில் பெருமை அடிப்பான். நகரத்தில் ஊரைப் பற்றி, ஊரில் நகரத்தைப் பற்றி. முதல் பெருமையால் யாருக்கும் கெடுதல் கிடையாது. ‘எங்கள் காஞ்சிபுரத்து இட்லி மாதிரி வருமா?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. ஊரில் இருப்பவர்கள் நாம் சொல்வதை நம்பிவிடுவார்கள். சிலர் வண்டி பிடித்துக் கிளம்பியும் வந்துவிடுவார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னோடு சேர்ந்து ஒன்பது கார்களும் பட்டன.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். வீட்டில் தறி இருந்தும் அதன் பக்கம் போகாமல் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் வேலை தேடிக்கொண்டவன். பிழைப்புக்காக ஊரை விட்டதாக எல்லோரிடமும் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. எங்கள் தெருவில் கையில் பையோடு வெளியே வந்தால், தெருமுனைக்குப் போவதற்குள் எட்டுப் பேர் “எங்கப்பா கிளம்பிட்ட?” என்று கேட்பார்கள். ஒன்பதாவது ஆள் “இன்னாப்பா, பை காலியா இருக்குது?” என்பார். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தத் தொல்லை இல்லை. எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. பதினோரு மாதமாக ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. சொர்க்கம் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

(கேள்வியெல்லாம் வீடு தேடும்போதே மொத்தமாகக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினேழு வீடு பார்த்தோம். ஒரு வீட்டில், சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், உங்கள் சொந்தக்காரர்கள் சத்தமாகப் பேசுவார்களா என்று கேட்டார்கள். மாட்டார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன்.)

அதனால் அந்த வீட்டை விட எங்களுக்கு மனமே இல்லை. என் மனைவி சுதாவின் ஆபீஸ் அங்கிருந்து பத்து நிமிட நடை. தண்ணீர் வரும், காற்று வரும், கேள்வி வராது. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி ‘நல்ல பார்ட்டி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நீட்டிப்பார், இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான். “இந்த மாசம் முழுக்க நீங்க சத்தமாத் தும்மக்கூடக் கூடாது” என்று சுதா உத்தரவு போட்டிருந்தாள். நான் செகரட்டரியை எங்கே பார்த்தாலும் வணக்கம் வைத்தேன். லிஃப்டில் வைத்தேன், படிக்கட்டில் வைத்தேன், ஒருமுறை அவர் முதுகுக்கும் வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காஞ்சிபுரத்தில் அமுதா அக்கா வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிடப் போனேன். அக்காவும் அவள் கணவர் ஏகாம்பரம் மாமாவும் தறிக்காரர்கள். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே கல்யாண வீட்டுக்கு மூன்று புடவை நெய்ய வேண்டும். ஆனால் மாமா முகத்தில் ஈயாடவில்லை.

“பைப்பு போடறேன்னு தெருவைத் தோண்டிப் போட்டுட்டாங்கப்பா. பாவு போட இடமில்லாம தறி சும்மா நிக்குது. பக்கத்துத் தெருவுல கேட்டா, எங்களுக்கே நெரிசலா இருக்குது, பத்து நாள் கழிச்சு வாங்கன்றாங்க.”

பாவு என்பது புடவையில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள். ஆயிரக்கணக்கான இழைகளையும் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்ந்த பிறகுதான் சுருட்டித் தறியில் ஏற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் விடிகாலையில் பாவு போட்டிருந்தால், எவ்வளவு பெரிய மனிதரின் வண்டியும் திரும்பி அடுத்த தெரு வழியாகப் போகும். ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள்.

மாமாவுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சென்னைக்காரன் ஆயிற்றே! “எங்க அபார்ட்மென்ட்டுல கார் பார்க்கிங் மட்டுமே அறுபது அடி மாமா. மேல கூரை, கீழ டைல்ஸ், ஒரு தூசி இருக்காது. அங்க பாவே போடலாம்” என்றேன். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். அக்கா பரிமாறுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் போனில் “ஞாயித்துக்கிழமை வூட்லதான இருப்ப?” என்று கேட்டபோதும், பாசத்தில் கேட்கிறாள் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. “டேய் குமாரு, கேட்டாண்ட நிக்கிறோம். வாட்ச்மேன்கிட்ட சொல்லு.” சொன்னேன். மேலே வருவார்கள் என்று பால் காய்ச்சினோம், காபி போட்டோம், காபி ஆறியது. ஒருவரும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து, லிஃப்ட் இயக்கத் தெரியவில்லையோ என்று (பாருங்கள் திமிரை!) லுங்கியோடு கீழே இறங்கினேன்.

கார் பார்க்கிங்கின் நடுவில், இந்தக் கோடித் தூணிலிருந்து அந்தக் கோடித் தூண் வரை, அரக்குச் சிவப்பில் பட்டு விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் நின்ற ஒன்பது கார்களின் மூக்கும் அதைப் பார்த்தபடி இருந்தன. மாமாவும் ஊரிலிருந்து வந்த மூன்று பேரும் மூங்கில் கழிகளைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். அக்கா கையில் கஞ்சி வாளி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது நொடியில் செகரட்டரி ஞாபகம் வந்தது.

“அக்கா, சுருட்டுக்கா! இங்கெல்லாம் இப்படிப் பண்ணக் கூடாது!”

“நீதான்டா பாவே போடலாம்னு சொன்ன?”

“சும்மா பேச்சுக்குச் சொன்னேன்க்கா!”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். கஞ்சி போட்டாச்சுப்பா” என்றார் மாமா. “ஈரத்தோட சுருட்டினா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்பால மூணு புடவையும் போச்சு. ஒரு மணி நேரம் பொறு. ஞாயித்துக்கிழமை காத்தால யாரு வண்டி எடுக்கப் போறாங்க?”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, லிஃப்ட் திறந்தது. உள்ளேயிருந்து பட்டு வேட்டியில் செகரட்டரி, பட்டுப் புடவையில் அவர் மனைவி, தலை நிறையப் பூவோடு அவர்கள் மகள். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்பதும், ஏழு மணிக்குள் தாம்பரம் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதும், சீர்த் தட்டுகள் முந்தின நாளே காரில் ஏற்றப்பட்டுவிட்டன என்பதும் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. யாரையும் எதுவும் கேட்காமல் வாழ்வதில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது.

செகரட்டரி பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“துணி காயப்போடற இடம் மொட்டை மாடி சார்.”

“துணி இல்லீங்க” என்றாள் அக்கா. “இனிமேதான் துணி ஆவப் போவுது.”

“இங்க என்ன ஃபேக்டரி நடத்தறீங்களா? வண்டி எப்படி எடுக்கறது? உங்க ஓனருக்கு இப்பவே போன் போடறேன் பாருங்க!”

பத்தொன்பதாவது வீடு, ஆணி, சொந்தக்காரர்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. சுதா படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எழுத இந்தக் கட்டுரை போதாது.

அக்காதான் முன்னால் வந்தாள். “கோவப்படாதீங்க சார். எல்லாருமாத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சா, வண்டி கீழ போயிடும். எங்க தெருவுல ஆம்புலன்ஸ் வந்தா இப்படித்தான் வுடுவோம்.”

நிச்சயத்துக்குக் கிளம்பும் வீட்டில் ஆம்புலன்ஸ்! செகரட்டரி மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து மாமா பாய்ந்தார். “மாப்பிள்ளை ஊர்வலமும் போயிருக்குதும்மா! அதுவும் இப்படித்தான் போச்சு!”

தூக்குவதற்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும். சத்தம் கேட்டு ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். எதிர் வீட்டுக்காரர் அரை டிராயரோடு வந்து, “நான் பாஸ்கர், எதைப் பிடிக்கணும்?” என்றார். மூன்றாம் மாடி டாக்டரம்மா வாயில் பிரஷ்ஷோடு ஒரு கழியைப் பிடித்தார். பதினோரு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள், ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தலைக்கு மேல் கை தூக்கி நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகரத்து மனிதர்களைப் பற்றி ஊரில் எத்தனை கதை சொல்கிறோம்!

அக்கா எல்லோருக்கும் இடம் பிரித்தாள். தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். “உனக்கு வேற வேலை வேணாம். இந்த முனையை இழுத்துப் புடிச்சுக்கினு சும்மா நில்லு. மொத்தப் பாவும் இதுலதான் நிக்குது.”

சும்மா நிற்பதுதானே? அதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம் இருந்தது.

கார் மெதுவாக நகர்ந்து பாவுக்கு அடியில் வந்தது. மேலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் விழுந்தது. செகரட்டரி வைப்பரைப் போட்டார். “மெதுவா சார், மெதுவா… வாங்க… வாங்க…” என்று மாமா பின்னால் நடந்தபடியே கை காட்டினார். பாதி தூரம் வந்தது, முக்கால் தூரம் வந்தது. கடைசியில் என் எதிரில் வந்ததும் செகரட்டரி கண்ணாடியை இறக்கினார். கோபமெல்லாம் கொஞ்சம் அடங்கி, “சரி சார், பார்த்துக்கலாம்” என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார்.

ஒரு மாதப் பழக்கம். நான் இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் வைத்தேன்.

கயிறு போய்விட்டது. அறுபது அடிப் பாவும் பொத்தென்று கார்மேல் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த வைப்பர் ஒரு கொத்து இழையை வாரிச் சுருட்டிக்கொண்டது. பதறிப்போன செகரட்டரி பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, கார் முக்காடு போட்டுக்கொண்டு நான்கடி முன்னால் பாய்ந்தது. “நிறுத்துங்க!” என்று அக்கா போட்ட சத்தத்தில் கார் நின்றது, வாட்ச்மேன் எழுந்து நின்றார், டாக்டரம்மா பற்பசையை விழுங்கிவிட்டார். உள்ளேயிருந்து கல்யாணப் பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் இன்னும் கும்பிட்டபடியே நின்றிருந்தேன்.

மாமா என்னைத் திட்டவில்லை. “குமாரு, கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுப்பா” என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். பத்து நிமிடத்தில் காரிலிருந்து பாவை உரித்தெடுத்தார்கள். கஞ்சி வழிந்த கண்ணாடியும் வைப்பரில் சிக்கிய சிவப்பு இழையுமாகக் கார் தாம்பரத்துக்குக் கிளம்பியது. அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிக்கும்போது மதியம் இரண்டு மணி. அதுவரை பாஸ்கர் கழியைப் பிடித்தார். டாக்டரம்மா வீட்டிலிருந்து இட்லி வந்தது, யார் யார் வீட்டிலிருந்தோ காபி வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். டம்ளரைக்கூட யாரும் என்னை எடுக்க விடவில்லை. மூன்று புடவையும் எப்படியோ தேறி, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். எடுப்பதற்கு முன் நானும் சுதாவும் சாமி கும்பிட்டோம்.

“செகரட்டரிகிட்டப் பேசினேன் குமார். உங்களையே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டார்.”

“அப்படியா சார்! நல்ல பார்ட்டின்னு சொன்னாரா?”

“அப்படிச் சொல்லலை. புதுசா ஒருத்தர் வந்தா அவர் என்ன பண்ணுவாரோன்னு வருஷம் பூரா பயந்துக்கிட்டிருக்கணும், இவர் பண்ண வேண்டியதைப் பண்ணிட்டார், இதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னார்.”

வீடு பிழைத்தது, நிம்மதி போயிற்று. லிஃப்டில் எங்கள் குடியிருப்பின் விதிகள் ஒட்டியிருக்கும். ‘நாயைச் சங்கிலியோடு அழைத்து வரவும்’, ‘மாடியில் பந்து விளையாடக் கூடாது’ என்பவற்றுக்குக் கீழே, ‘கார் பார்க்கிங்கில் பாவு போடக் கூடாது’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. சென்னையில் வேறெந்த லிஃப்டிலும் இதைப் பார்க்க முடியாது. புதிதாகக் குடி வருபவர்கள் பாவு என்றால் என்ன என்று கேட்பார்கள். செகரட்டரி கையைத் தலைக்கு மேல் தூக்கி நடித்தே காட்டுவார். கடைசியில் என்னையும் காட்டுவார். இப்போது கையில் பையோடு கீழே இறங்கினால் பதினோரு பேர் எங்கே என்று கேட்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தைவிட மூன்று கேள்வி அதிகம்.

ஆறு வருடம் கழித்து வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவு செய்தபோது, முதலில் எங்களிடம்தான் கேட்டார். கடன் வாங்கி நாங்களே வாங்கிவிட்டோம். கிரகப்பிரவேசத்துக்கு ஊரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள், மொத்தக் குடியிருப்பும் வந்தது. சுதா விளக்கை எடுத்துக்கொண்டாள். வீட்டுத் தலைவன் சாமி படத்தை ஏந்தி முதலடி வைக்க வேண்டும் என்று ஐயர் சொன்னார். நான் கை நீட்டினேன்.

“ஐயரே, அவன் கையில வேணாம்!” என்று அக்கா பாய்ந்து ஒரு பக்கம் பிடித்தாள். மாமா இன்னொரு பக்கம் பிடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த செகரட்டரி, “எதுக்கும் இருக்கட்டும்” என்று கீழே கை கொடுத்தார். பாஸ்கர் போட்டோ எடுத்தார்.

பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறோம். சொந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழையும் போட்டோ. சாமி படத்தை ஆறு கைகள் ஏந்தியிருக்கின்றன. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.