மூணுவிரல் அண்ணாச்சியின் வலது கை

கம்ப்யூட்டரைத் துளியும் நம்பாமல் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். சங்கரன்கோவிலில், ஸ்டேஷன் போகிற ரோட்டில் இருக்கும் மூணுவிரல் அண்ணாச்சி. ரிட்டயரான நாளிலிருந்து அவர் கடை ஸ்டூல்தான் எனக்கு ஆபீஸ்.

இன்ஜினியரிங் பிள்ளைகளின் கணக்குகளை சாஃப்ட்வேரில் போட்டு பிரிண்ட் எடுத்துத் தருவது அவர் தொழில். அளவோடு திசையும் உள்ள வெக்டர்களின் குறுக்குப் பெருக்கல் வந்தால் மட்டும் பயம். இரண்டு வெக்டரையும் முன்பின் மாற்றித் தட்டிவிட்டால் விடையின் திசை தலைகீழாகிவிடுமாம். அதனால் வலது கையைத் தூக்குவார். சுட்டுவிரல் முதல் வெக்டர், நடுவிரல் இரண்டாவது, கட்டைவிரல் காட்டுவது விடை. ஸ்கிரீனும் கட்டைவிரலும் ஒத்துப்போனால்தான் தாள் வெளியே வரும்.

எதிர்க்கடை டீக்காரர் மூன்று விரலைப் பார்த்து மூன்று டீ அனுப்புவார். ஒன்று அண்ணாச்சிக்கு. மற்ற இரண்டையும் குடித்து எனக்குச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். ஒருநாள் அண்ணாச்சி ரோட்டோரம் விரலை விரித்தபடி நின்றார். பஸ் நின்றுவிட்டது.

"மூணு பேரா? ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"ஏறலய்யா, திசை பாக்கேன்."

"தென்காசி திசைன்னா அங்கன போய் நில்லும்."

போன வருஷம் ஒரு காலையில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை வரவில்லை. கடையைத் திறந்து இடக்கையால் தட்டினார். இடக்கையிலேயே விரல்களையும் விரித்தார். இடக்கை எப்போதும் எதிர்த் திசையைத்தான் காட்டும். ஒரு தாளும் வெளியே வரவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்று ஒரு பெண் கெஞ்சினாள்.

"மிஷின் தப்பாச் சொல்லுது தாயி. பொறு."

அவள் வேறு கடைக்குப் போனாள். பதினோரு பேர் வந்த கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள், பிறகு அதுவும் இல்லை. கடையைக் காலி செய்துவிடலாம் என்றான் அவர் மகன்.

மனசு கேளாமல் நான்தான் சொன்னேன். "அண்ணாச்சி, அது இடது கைல்லா?"

இடக்கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா வே? மிஷின் சரின்னு தாளக் குடுத்துட்டா, இந்த வலது கை இனிமே வேண்டாம்னு ஆயிரும்லா."

மறுநாளிலிருந்து என் வலது கையை நீட்டுகிறேன். அவர் இடக்கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பி வைக்கிறார். தாள் வருகிறது. பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். எனக்கோ மூட்டுவாதம், கட்டைவிரல் முழுசாக நிமிராது.

"நேரா நிறுத்தும் வே. உம்ம கையும் ஒரு கையா?"

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு இந்த ஏச்சைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.