அப்பாவின் முதுகு ஸ்கேன் விவரம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே முதுகைத் தவிர மற்ற எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும், உன்னைக் கவனித்துக்கொள்ள வந்த அம்மாவும், பிறந்து ஆறு வாரமாகியும் நான் இன்னும் பார்க்காத என் பேத்தியும் நலம்தானே? ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்டாய். போனில் சொன்னால் அம்மா குறுக்கே பேசுவாள் என்பதால் எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. அறையில் ஒரு டெக்னீஷியன் பெண், உன் வயதுதான் இருக்கும், என் கைக்கடிகாரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, என்னைப் படுக்க வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அசையவே கூடாது, அவசரம் என்றால் மட்டும் இதை அமுக்குங்கள் என்றாள். நானும் சமர்த்தாகத்தான் படுத்திருந்தேன். ஆனால் முப்பத்து நாலு வருஷம் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் காது சும்மா இருக்குமா? உள்ளே போனதும் டக் டக் என்று ஒரு சத்தம். சந்தேகமே இல்லை, பேரிங் போகிற சத்தம். பந்தை அமுக்கினேன். ஓடி வந்தாள். இந்த மெஷின் இப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து கர்ரென்று ஒன்று. அது சத்தியமாக கியர் பல் தேய்ந்த சத்தம். திரும்பவும் அமுக்கினேன். மூன்றாம் முறை அமுக்கவில்லை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொஞ்சம் தலையைத் தூக்கி மட்டும் பார்த்தேன். அதில் படம் கலங்கிவிட்டதாம். மறுபடி முதலிலிருந்து.

அவள் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, மெஷினை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க முதுகை மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். அப்பா என்று கூப்பிட்டுவிட்டாளா, அதற்கப்புறம் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்புக்கு எலும்பு நடுவே இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர்ச் சத்து இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம், வற்றிப்போனால் கறுப்பாம். எனக்குக் கீழே இரண்டு கறுப்பு. பஸ்ஸில் இரும்புக்கு இரும்பு நடுவே அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் வைப்போமே, அது தேய்ந்த கதைதான், வேறென்ன. மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான், உடற்பயிற்சி போதும், மூன்று மாதத்துக்கு பஸ்ஸில் தூரப் பயணம் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "பேத்தியைத் தூக்கலாமா டாக்டர்?" அவர் யோசித்த நேரத்தில், அந்த மெஷினுக்குள் படுத்திருந்ததே தேவலை என்று தோன்றிவிட்டது.

அதனால் இப்போதைக்கு நான் வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், குழந்தை எங்கே ஓடிவிடப் போகிறது? தூக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. உன்னைத் தூக்கி வளர்த்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

எல்லோருக்கும் என் ஆசிகள். குட்டிக்கு என் முத்தத்தை நீயே கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. கடைசியாக எழுதியதை நம்பாதே. ஐந்து கிலோ வரை தூக்கலாம் என்றார் டாக்டர். குட்டி நாலரை கிலோ என்று அம்மா போன வாரம் சொன்னாள். ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம் என்று டாக்டரை நச்சரித்துச் சம்மதம் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நான் வந்து சேரும்வரை தயவுசெய்து குட்டியை யாரும் எடை போடாதீர்கள்.